ஒன்பதாவது தட்டில் இருந்தவன்

உட்கார்ந்த இடத்தில் கால் ஆட்டுகிறவனை இந்த உலகம் நம்புவதில்லை. அனுபவத்தில் சொல்கிறேன். கடன் கேட்டு வங்கிக்குப் போனால், அதிகாரி என் முகத்தைப் பார்க்கும் முன் தன் மேசை ஏன் அதிர்கிறது என்றுதான் பார்ப்பார். தியேட்டரில் முன்வரிசைக்காரர் திரும்பித் திரும்பி முறைப்பார். "கால ஆட்டாதடா, வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கே அலுத்துப் போய்விட்டது. நான் ஆட்டவில்லை, அது தானாக ஆடுகிறது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? (இதை எழுதும்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கையெழுத்தாக இருந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.)

எனக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அதை வெளியில் சொல்லத்தான் அதிகக் கூச்சம். காமிக்ஸ் படிப்பேன். அதுவும் அங்கி மாட்டிக்கொண்டு மாடிக்கு மாடி தாவி ஊரைக் காப்பாற்றுகிறவர்களின் கதை. எல்லைக்கு இந்தப் பக்கம் மாசாயில் வீடு, அந்தப் பக்கம் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. விடியுமுன் கிளம்பினால்தான் காஸ்வே பாலத்தைத் தாண்டி நேரத்துக்கு உள்ளே நுழைய முடியும். பஸ்ஸில் எல்லாரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. அங்கே வாங்கியவற்றில் அன்றன்று படிப்பதை மட்டும் பள்ளிப் புத்தகம்போல் ஒரு பழுப்புத் தாள் அட்டைக்குள் செருகி, மேலே 'கிடங்குப் பாதுகாப்பு விதிகள்' என்று எழுதி வைத்துக்கொண்டு படிப்பேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர், "தம்பி சீக்கிரமே மேனேஜர் ஆயிடுவாரு" என்று எல்லாரிடமும் சொல்லி வந்தார். பாவம், அவருக்கு நம்பிக்கை அதிகம்.

இந்த லட்சணத்தில் எனக்குக் காதல் வேறு. தர்ஷினி, ஜொகூர் பாருவில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு என் காலும் தெரியும், என் காமிக்ஸும் தெரியும், இரண்டையும் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொள்ளாதவர் அவளுடைய அப்பா சிவபாலன். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, வேலை பார்த்த கடலோர ஊரான மெர்சிங்கிலேயே தங்கிவிட்டவர். சிலோன் குடும்பம். வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டை போடுவார். நாங்கள் காஹாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு, பிறகு ஃபேக்டரி வேலை தேடி மாசாய்க்கு வந்த குடும்பம். அவருடைய சொந்தக்காரர்கள் சிலர் அதைப் பெரிய விஷயமாகப் பேசினார்கள். அவர் பேசவில்லை. அவருக்குப் பிரச்சினை வேறு.

முதல்முறை என்னைப் பார்த்தபோது எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தோம். நான் குடித்தேன் என்று சொல்ல முடியாது. என் கால் ஆடி, மேசை ஆடி, கோப்பைகள் சாசரில் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அன்று அவர் மகளிடம் சொன்னதை அவள் அப்படியே என்னிடம் சொன்னாள்: "நல்ல பொடியன்தான். ஆனால் இன்னும் வளரேல்லை. ஓரிடத்தில இருக்கத் தெரியாதவன் குடும்பத்தில எப்பிடி இருப்பான்?"

அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்ட எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது. அவள் அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள், அவளுடைய அம்மாவைத் தூது விட்டாள். கடைசியில் பரிசம் போட வரச்சொன்னார். நான் துள்ளிக் குதித்தேன். (வளராதவன் வேறென்ன செய்வான்.) தர்ஷினி மட்டும் குதிக்கவில்லை. "பரிசம் போட வந்தா எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு நினைக்காத குணா. அப்பா தட்டத் தொட்டு வாங்கணும். அவர் மனசுல சரின்னு படலன்னா தொட மாட்டாரு. சபைன்னுகூட பாக்க மாட்டாரு" என்றாள்.

அதோடு இன்னொன்றும் சொன்னாள். பரிசத்துக்கு முன்பு அவளுடைய பெரியப்பா குடும்பம் எங்கள் வீட்டைப் பார்க்க வரும். அந்தப் புத்தகங்கள் யார் கண்ணிலும் படக்கூடாது. சரியென்று மொத்தக் காமிக்ஸையும் ஒரு பெரிய கூடைக்குள் அடுக்கினேன். தீபாவளிக்கு எங்கள் கம்பெனியில் பலகாரம் வைத்துக் கொடுத்த கூடை அது. பொன்னிற மூடி, மேலே சிவப்பு ரிப்பன். என் காரின் பின்பக்கம் வைத்துப் பூட்டினேன். பெரியப்பா வந்தார், வீட்டைப் பார்த்தார், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கூடையை நான் மறந்தே போனேன்.

இப்போது பத்மா அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியம் என்றாலும் தட்டுகள் அத்தையின் பொறுப்பு. பூவும் வெற்றிலையும் ஒரு தட்டு, பட்டுப்புடவை ஒரு தட்டு, பழம் ஒரு தட்டு என்று பளபளக்கும் தாளில் சுற்றி ரிப்பன் கட்டி வைத்தால் கடைக்காரன் தோற்றுப் போவான். தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இரட்டைப்படையில் போனால் ஆகாது. எனக்கு ஒன்பது தட்டு என்று அத்தை முடிவு செய்திருந்தார். பெண் வீட்டார் எதிர்ச்சீராகப் பதினொன்று வைக்கப்போகிறார்கள் என்று எங்கிருந்தோ தகவல் வந்ததிலிருந்து அத்தைக்குத் தூக்கம் இல்லை.

அன்று காலை மூன்று கார்களில் மெர்சிங்குக்குக் கிளம்பினோம். வழியில் கோத்தா திங்கியில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தினோம். அத்தை தன் மடியில் இருந்த லட்டுத் தட்டைக் கார் கூரைமேல் வைத்துவிட்டு, இறங்கிச் சாப்பிட்டு, திரும்பி ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "போலாம், போலாம், நேரமாச்சு" என்றார். போனோம். லட்டுத் தட்டு எவ்வளவு தூரம் எங்களோடு வந்தது, எந்த வளைவில் விடைபெற்றது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மெர்சிங் போய்ச் சேர்ந்ததும் நான் பெட்ரோல் நிலையத்துக் கழிவறையில் வேட்டி கட்டப் போனேன். (ஒட்டிக்கொள்ளும் வேட்டிதான். அதையும் இரண்டு முறை தவறாக ஒட்டினேன்.) அந்த நேரத்தில் வெளியே நடந்ததையெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தட்டுகளை எண்ணிப் பார்த்த அத்தைக்கு எட்டுதான் வந்ததாம். ஒன்றைக் குறைத்து ஏழாகக் கொண்டுபோகலாம் என்று அம்மா மெதுவாகச் சொல்லியிருக்கிறார். "பதினொண்ணுக்கு முன்னால ஏழா? அதுக்கு நம்ம இப்படியே காஹாங்குக்குத் திரும்பிப் போயிடலாம்" என்று அத்தை சீறியிருக்கிறார். புதிதாக வாங்கலாம் என்றால் கடை தேட நேரமில்லை. வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு காராகத் திறந்து பார்த்தவர், என் காரின் பின்பக்கத்தையும் திறந்துவிட்டார். பொன்னிற மூடி. சிவப்பு ரிப்பன்.

அத்தை அம்மாவிடம் சொன்னாராம்: "பாத்தீங்களா அண்ணி, புள்ள பொண்ணுக்கு ஆசையா என்னமோ வாங்கி ஒளிச்சு வச்சிருக்கு. வெக்கம், லா."

நான் வேட்டியோடு வெளியே வந்தபோது, எல்லாரும் என்னைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தார்கள். வேட்டிதான் சரியில்லையோ என்று குனிந்து பார்த்துக்கொண்டேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வீடு நிறைய ஆட்கள். கடல் காற்று சன்னல் திரைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நடுவில் ஜமுக்காளம், அதில் எங்கள் தட்டுகள், எதிரே வெள்ளை முழுக்கைச் சட்டையில் சிவபாலன் அங்கிள். எனக்கு ஒரு தாழ்வான நாற்காலி. இரண்டு கைகளாலும் இரண்டு முழங்கால்களையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளறைக் கதவோரம் தர்ஷினி புடவையில் நின்று என் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஒவ்வொரு தட்டாகத் திறந்து இன்னது கொண்டு வந்திருக்கிறோம் என்று சபைக்குக் காட்ட வேண்டும். எல்லாம் காட்டி முடிந்ததும் பெண்ணின் அப்பா தட்டைத் தொட்டு ஏற்றுக்கொள்வார். எட்டுத் தட்டும் ஒழுங்காகக் காட்டப்பட்டன. இரண்டு நிமிஷத்தில் என் கல்யாணம் நிச்சயமாகிவிடும். அப்போதுதான் ஒன்பதாவது முன்னால் நகர்ந்தது. மேலே வாழைப்பழமும் வெற்றிலையும் மல்லிகைச் சரமும். அவற்றுக்கு அடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த சிவப்பு ரிப்பன்.

கால் பிய்த்துக்கொண்டது. இரண்டு கைகளாலும் அமுக்கினால் கைகளும் சேர்ந்து ஆடின.

"இது மாப்பிள்ள தன் கையால பொண்ணுக்கு ஆசையா வாங்கினது" என்று சபைக்கு அறிவித்துவிட்டு, அத்தை பழத்தையும் பூவையும் நகர்த்தி மூடியைத் திறந்து, உள்ளே மேலாக இருந்ததை எடுத்து, தான் பார்க்காமலேயே, எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார். சாம்பல் நிற அங்கியில் ஒருவன் எரிகிற பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். முகமூடி. ஒட்டிய உடை. உடல் முழுவதும் புடைத்த தசை.

முன்வரிசையில் இருந்த தர்ஷினியின் பெரியம்மா, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "இது ஆர்? உங்கட குலதெய்வமோ?"

விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத அத்தை, இன்னும் திரும்பிப் பார்க்காமலே, "ஆமாங்க" என்றார்.

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கதவோரம் பார்த்தேன். தர்ஷினியைக் காணவில்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. இரண்டு வருஷம் அவள் பட்ட பாடெல்லாம் அந்த ஜமுக்காளத்தில் கடைபரப்பிக் கிடந்தது.

சிவபாலன் அங்கிள் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். முன்னட்டையைப் பார்த்தார், பின்னட்டையைப் பார்த்தார், கூடைக்குள் எட்டிப் பார்த்தார். அடிவரைக்கும் அதுதான்.

"இது ஆருடைய புத்தகம், தம்பி?"

என்னுடையது என்றேன். இத்தனையுமா என்றார். இத்தனையும் என்றேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் மனுக்காரனை விசாரிக்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்: "வேலைக்குப் போற பொடியன் வாசிக்க இதில என்ன இருக்கு? எனக்கு விளங்கப்படுத்தும்."

படம் நன்றாக இருக்கும் என்றேன். ஆங்கிலம் வளரும் என்றேன். அவருடைய ஒரு புருவம் உயர்ந்தது. (அவர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியே உத்தியோகத்தில் உயர்ந்தவர் என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வந்து தொலைத்தது.) மன அழுத்தம் குறையும் என்றேன், என் கால் தரையில் தாளம் போட. அந்தப் பதிலைக் கேட்டு, சடங்கு நடத்த வந்திருந்த ஐயரே சிரித்துவிட்டார். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது? எல்லாம்தான் போய்விட்டதே. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சின்னப் பிள்ளைங்க இதுல சண்டைய பார்ப்பாங்க, அங்கிள். நாங்க சண்டைக்கு அடுத்த நாள பார்க்கிறோம். இவன் ராத்திரி ஊர காப்பாத்திட்டு, காலையில அதே ஊர்ல லேட்டா வேலைக்குப் போயி திட்டு வாங்குறான். ஏன் லேட்டுன்னு ஆபீஸ்லயும் சொல்ல முடியாது, வீட்டுலயும் சொல்ல முடியாது. அது எங்களுக்குத் தெரியும். விடியிறதுக்கு முன்னால காஸ்வேல போயி நிக்கிற அத்தன பேருக்கும் தெரியும். வீட்ட காப்பாத்தத்தான் போறோம், வீட்டுல இருக்கத்தான் முடியல."

பின்வரிசையில் யாரோ "ஆமா" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. அவரும் பாலம் தாண்டுகிறவராக இருக்க வேண்டும்.

அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். படிக்கத் தொடங்கினார், சபை நடுவில், பரிசத் தட்டுகளுக்கு முன்னால். எழுத்தை மட்டும் படித்துவிட்டுப் படத்தைத் தாண்டித் தாண்டிப் போனார். என்னால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, "படத்தையும் படிக்கணும் அங்கிள். இந்தப் பக்கம் முழுக்க அவன் ஒரு கைய மேசைக்குக் கீழயே வச்சிருக்கான் பாருங்க. ராத்திரி பட்ட காயம். அத பத்தி ஒரு எழுத்துகூட இருக்காது, நம்மளேதான் கண்டுபிடிக்கணும்" என்றேன். அவர் முந்தின பக்கத்துக்குப் போய் அந்தக் கையைத் தேடினார்.

அந்த இதழின் கதை இதுதான். அங்கிக்காரனுக்குப் பகலில் நகராட்சியில் வேலை, இழப்பீட்டு மனு வாங்கும் கவுண்டரில். ராத்திரி சண்டையில் அவனால் ஒரு பாலம் இடிந்து விழுகிறது. மறுநாள் காலை, பாலத்தடியில் கடை வைத்திருந்த பெண் அவன் கவுண்டருக்கே வந்து வரிசையில் நிற்கிறாள். கடையை இடித்தவனே அவளிடம், கடை உன்னுடையதுதான் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கத்தில் அங்கிளின் விரல் நின்றுவிட்டது. அவர் பார்த்த உத்தியோகம் வெள்ள நிவாரணம் என்று தர்ஷினி ஒருமுறை சொல்லியிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு மழைக்காலமும் அப்படி ஒரு வரிசையின் எதிரில் உட்கார்ந்தவர் அவர்.

"நானும் கேட்டிருக்கிறன். வீடே போன சனத்திட்ட வீட்டுப் பத்திரம் கேட்டிருக்கிறன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு நாங்கள் இருவரும் பக்கம் பக்கமாகப் போனோம். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். இலை போடலாமா என்று சமையல்காரர் வந்து கேட்டுவிட்டுப் போனார். ராகுகாலம் வந்துவிடும் என்று அத்தை அம்மாவிடம் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் அவனுடைய காயம்பட்ட கையைப் பார்த்துவிடுகிறாள். அதோடு இதழ் முடிகிறது.

"பிறகு?" என்றார் அங்கிள்.

"அடுத்த புத்தகத்துல இருக்கு."

"அது எங்க?"

"கூடைக்குள்ளதான். அடியில."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என் முகத்தைப் பார்க்காமல் என் முழங்காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது அசையாமல் கிடந்தது. எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. என் உடம்பில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அவர் சபையைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பொடியன் இவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்." பிறகு குனிந்து ஒன்பதாவது தட்டைத் தொட்டார்.

உள்ளறையிலிருந்து தர்ஷினி அழுகிற சத்தம் கேட்டது. அவள் சிரிக்கிற சத்தமும் அப்படித்தான் இருக்கும் என்பதால், அன்று அது எது என்று இன்றும் எங்களுக்குள் வழக்கு இருக்கிறது.

என் கல்யாணம் நடந்தது. என் காமிக்ஸ்தான் போனது. சபையில் தொட்டு வாங்கிய சீரைத் திருப்பிக் கேட்கக்கூடாது. சாப்பாட்டுப் பந்தியிலேயே நான் வாயெடுத்தேன். "கேட்டா, காலு ஒடிஞ்சிடும். ஒரேயடியா ஆடாது" என்று அத்தை என் காதருகில் சொல்லிவிட்டார். மாமனார் அவற்றைத் தன் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குள், வெள்ளிக் குத்துவிளக்குக்குக் கீழ்த்தட்டில், வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறார். சாவி அவர் இடுப்பில். என் புத்தகத்தை நான் படிக்க வேண்டுமென்றால் மெர்சிங்குக்குப் போய், கையைக் கழுவி, துடைத்து, அவருக்குக் காட்ட வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றுதான் தருவார். பக்க ஓரத்தை மடித்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு இல்லை. புது இதழ் வாங்கினால் அவருக்கும் ஒரு பிரதி வாங்க வேண்டும். இல்லையென்றால் "மாப்பிள்ளை, சீர் பாதியில நிக்குது" என்று போன் வரும்.

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்த விசேஷமானாலும் தட்டு கிளம்புமுன் யாராவது ஒருவர் என் காரின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுகிறார்கள். பெரியம்மா என்னைக் காணும்போதெல்லாம் குலதெய்வம் சுகமா என்று கேட்கிறார். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாத ஒன்று இருக்கிறது.

தர்ஷினியைப் பிரசவத்துக்குச் சேர்த்த அன்று, மருத்துவமனையில் பிரசவ அறைக்கு வெளியே நான் நிலைகொள்ளாமல் நடந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், தானியங்கியில் காப்பி எடுத்தேன், குடிக்காமல் கொட்டினேன். கடைசியில் உட்கார்ந்தபோது என் கால் ஆடிய ஆட்டத்தில் நாற்காலி வரிசையே ஆடியது. மாமியார் பையைத் திறந்து சுடுநீர்க் குடுவையை எடுத்தார். மாமனார் அதே பைக்குள் கைவிட்டு ஒரு காமிக்ஸை எடுத்தார். "இந்தாரும். இதை வாசியும். மற்ற மனிசரும் கதிரையில இருக்கவேணும்" என்றார்.

வாங்கிப் படித்தேன். என் கால் நின்றது. ஆனால் நாற்காலி வரிசை நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால், வெள்ளை முழுக்கைச் சட்டை, நிமிர்ந்த முதுகு, உள்ளே அவருடைய ஒரே மகள். அவருடைய வலது கால் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. புத்தகத்தைப் பாதி அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நாற்காலிகள் அமைதியாயின.

அப்படியே எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கடைசி இரண்டு பக்கம் இருக்கும்போது கதவு திறந்தது. பெண் குழந்தை, அம்மாவும் பிள்ளையும் நலம் என்று தாதி சொன்னதும், நாங்கள் இருவரும் தலையைத் தூக்காமல் ஒரே குரலில் "ஒரு நிமிசம்" என்றோமாம்.

திறந்த கதவு வழியே தர்ஷினிக்கு அது கேட்டிருக்கிறது. என் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், கேக் வெட்டக் கத்தியை எடுத்ததும், வீட்டில் உள்ள அத்தனை பேரும் எங்கள் இருவரையும் பார்த்து ஒரே குரலில் சொல்கிறார்கள்: "ஒரு நிமிசம்."